பழைய மோட்டார் சைக்கிளில் தீப்பொறி பிறக்கும் விதம்

சென்னையில் 1955 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா கம்பெனி, முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைக் கூட்டியும், பின்னர் அவற்றை இங்கேயே செய்தும் 350 சி.சி. புல்லட் வண்டிகளை உருவாக்கிற்று. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை வண்டிகளைச் செய்தளித்தது. இவ்விரு இடங்களிலிருந்தும் வெளிவந்த பழைய வண்டிகள் பல இன்றும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் தீப்பொறி அமைப்பில் மின்னணுக் கருவி ஏதும் இல்லை. ஒரு பாட்டரி, ஒரு காயில், பட்டறைகளில் பிளாட்டினம் பாயிண்ட் என்று வழங்கப்படும் தொடுமுனை, ஒரு கண்டென்சர், ஒரு பிளக் ஆகிய ஐந்தே உறுப்புகளால் அது இயங்குகிறது.

வண்டி கிளம்பாவிட்டால் இந்த ஐந்தில் நான்கை ஒருங்கே மாற்றிவிடுவது இன்று பல பட்டறைகளின் வழக்கமாகிவிட்டது. நல்ல நிலையிலுள்ள பழைய காயில் குப்பைக்குப் போகிறது. தரம் தெரியாத புதிய காயில் அவ்விடத்தில் ஏறுகிறது. கோளாறோ சில வேளைகளில் அப்படியே நிற்கிறது. இவ்வமைப்பின் இயல்பை அறிந்த ஒருவர், சிறு விளக்கு ஒன்றும் இடைவெளி அளக்கும் பில்லர் கேஜ் ஒன்றும் கொண்டு, தம் வீட்டுத் திண்ணையிலேயே பழுது எங்குள்ளது என்று கண்டுவிடலாம். தொலைவான கிராமங்களுக்குப் பழைய வண்டியில் சென்றுவரும் களப் பணியாளருக்கு இஃது வெறும் பொழுதுபோக்கு அன்று.

இதன் அடிப்படை 1831 ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே. காயிலினுள் இரு சுருள்கள் உள்ளன. தடித்த கம்பியால் சில நூறு சுற்றுகள் கொண்டது முதற்சுருள். மயிரிழை போன்ற கம்பியால் பல்லாயிரம் சுற்றுகள் கொண்டது துணைச்சுருள். பாயிண்ட் மூடியிருக்கையில் பாட்டரியின் மின்னோட்டம் முதற்சுருளில் பாய்ந்து காந்தப் புலத்தை எழுப்புகிறது. 12 வோல்ட் அமைப்பில் சுருளின் தடை 4 ஓம் எனில் மின்னோட்டம் 3 ஆம்பியர் வரை உயரும். பாயிண்ட் திறந்த கணத்தில் அவ்வோட்டம் அறுபடுகிறது. காந்தப் புலம் சரிகிறது. அச்சரிவு எவ்வளவு விரைவாக நிகழ்கிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் துணைச்சுருளில் பிறக்கும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பல ஆயிரம் வோல்ட் தேவை. மோட்டார் வாகனங்களில் இம்முறையை நிலைபெறச் செய்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் வகுத்த அமைப்பு 1912 ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் இடம்பெற்றது.

இங்கே கண்டென்சரின் பணியைச் சற்று நிதானித்துக் காண வேண்டும். மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. மின்னோட்டம் திடீரென நிற்பதை எந்தச் சுருளும் எதிர்க்கும். ஆகவே பாயிண்ட் திறக்கத் தொடங்கும்போது, அக்குறுகிய இடைவெளியினூடே மின்னோட்டம் வில்லாகப் பாய்ந்து தொடர முயலும். அவ்வாறு தொடர்ந்தால் காந்தப் புலம் மெல்லச் சரியும். பிளக்கில் பொறி தோன்றாது. பாயிண்டின் முகமும் எரிந்து கருகும். பாயிண்டுக்கு இணையாக வைக்கப்பட்ட கண்டென்சர், அக்கணத்தில் மின்னோட்டம் ஒதுங்குவதற்கு ஓர் இடம் தருகிறது. அது நிறைவதற்குள் முனைகள் போதிய அளவு விலகிவிடுகின்றன. தூண்டுசுருளுடன் கண்டென்சரை இணைக்கும் இந்த நுட்பத்தை 1853 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிஸோ புகுத்தினார். மோட்டார் வண்டிகளில் இதன் கொள்ளளவு ஏறக்குறைய 0.2 மைக்ரோபாரட். விரலளவு கூட இல்லாத இவ்வுறுப்பே இவ்வமைப்பில் எளிதில் கெடுவது. சூட்டில் மட்டும் கெட்டு, ஆறியபின் மீண்டும் வேலை செய்து நம்மை ஏமாற்றுவதும் இதுவே.

இனிச் சோதனைக்கு வருவோம். பாட்டரியிலிருந்து தொடங்குதல் நலம். புல்லட் வண்டியில் முகப்பு விளக்கின் கூட்டின்மேல் உள்ள அம்மீட்டர், பலர் கவனியாத ஓர் அரிய சோதனைக் கருவியாகும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துக. பாயிண்ட் மூடும்போது முள் செலவுப் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவிற்குத் திரும்பும். முள் அவ்வாறு ஆடினால் பாட்டரி, சாவி, முதற்சுருள், பாயிண்ட் ஆகிய நான்கும் மின்னோட்டத்தைக் கடத்துகின்றன என்பது ஒரு நொடியில் தெளிவாகிவிடும். முள் அசையாது நடுவிலேயே நின்றால் சுற்று எங்கோ அறுந்துள்ளது, அல்லது பாயிண்டின் முகத்தில் எண்ணெய் படிந்துள்ளது. செலவுப் பக்கமே சாய்ந்து நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் உள்ளே குறுக்குச் சுற்றாகிவிட்டது. கண்டென்சரின் கம்பியைக் கழற்றியதும் முள் ஆடத் தொடங்கினால் குற்றவாளி அதுவே. சோதனை முடிந்ததும் சாவியை உடனே அணைத்துவிட வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி திறந்தே கிடந்தால் காயில் சூடேறும், பாட்டரியும் வடியும்.

பாயிண்டின் முகத்தைப் பார்த்தே பல செய்திகளை அறியலாம். சாம்பல் நிறமாகச் சற்று மங்கியிருப்பின் அது நல்ல நிலை. கருநீலமாகக் கருகி, வண்டி ஓடும்போது இடைவெளியில் நெருப்பு பளபளவெனத் தெரிந்தால் கண்டென்சர் தன் வேலையைச் செய்யவில்லை. ஒரு முகத்தில் பள்ளமும் மறுமுகத்தில் மேடும் விழுந்திருப்பின் கண்டென்சரின் கொள்ளளவு அக்காயிலுக்குப் பொருந்தவில்லை என ஐயுறலாம். மேட்டை நுண்ணிய அரத்தால் நீக்கலாம். உப்புத்தாளைத் தவிர்ப்பதே நல்லது. அதன் துகள்கள் முகத்தில் பதிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும்.

முனைகள் மிக அகன்று நிற்கும் நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். இதனை முதலில் சரிசெய்த பின்னரே பொறி எழும் நேரத்தைத் தொட வேண்டும். மாறிச் செய்தால் உழைப்பு வீண். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், குறைந்தால் பிந்தித் திறக்கும் என்பதே காரணம். கேமில் உராயும் குதிகால் பகுதி நாள்தோறும் தேய்வதால், கவனிக்கப்படாத வண்டியில் பொறி சிறிது சிறிதாகப் பிந்திக்கொண்டே போகிறது. எஞ்சின் சூடேறுவதும் மேட்டில் இழுவை குறைவதும் பல நேரங்களில் இதனால் விளைவனவே. மக்கள் பழியைக் கார்புரேட்டர்மேல் போடுகின்றனர்.

பொறி ஏன் முன்னதாகவே எழ வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கையில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி ஆகும். கலவை எரிந்து அழுத்தம் உச்சமடைய 2 மில்லி விநாடி தேவை எனக் கொண்டால், அதற்குள் சுழல்தண்டு 36 பாகை திரும்பிவிடுகிறது. கிக்கரால் மிதிக்கும்போதோ வேகம் மிகக் குறைவு. அப்போது அத்துணை முன்னதாகப் பொறி எழுந்தால், மேலேறும் பிஸ்டன் எதிர்த்துத் தள்ளப்பட்டுக் கிக்கர் உதைத்தவரின் காலையே திருப்பித் தாக்கும். கணுக்கால் முறிவு வரை இதனால் நேரக்கூடும். இவ்விரு தேவைகளையும் ஒத்துப்போகச் செய்வது, பாயிண்ட் தட்டின் அடியிலுள்ள இரு எடைகளும் அவற்றின் வில்களும். வேகம் கூடக் கூட எடைகள் வெளியே விரிந்து பொறியை முன்னே தள்ளுகின்றன. வேகம் குறைந்தால் வில்கள் அவற்றைப் பின்னிழுக்கின்றன. நீண்டநாள் நின்றுபோன வண்டியில் கிரீஸ் காய்ந்து எடைகள் விரிந்தபடியே இறுகிவிடுவது உண்டு. ஆகவே அத்தகைய வண்டியை மிதிப்பதற்கு முன் கேமை விரலால் திருகிவிட்டுப் பார்க்க வேண்டும். அது தானே பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பினால் மட்டுமே கிக்கரில் கால் வைக்கலாம்.

புல்லட் 350 வண்டியில் எடைகள் முற்றிலும் உள்ளடங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். அதன் பிஸ்டன் நடை 90 மி.மீ.; ஆகவே இவ்வளவு சுழல்தண்டில் ஏறத்தாழ 10 பாகைக்குச் சமம். பிளக் துளை சாய்வாக அமைந்திருப்பதால், அதன் வழியே குச்சியை விட்டு அளப்பது துல்லியமாக அமையாது. இடப்புறச் சங்கிலிப் பெட்டியின் எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றி, சுழல்தண்டின் முனையில் பாகைத் தகடு ஒன்றைப் பொருத்துவதே நம்பகமான வழி. டாப்பெட் மூடியைத் திறந்து இரு தள்ளுதண்டுகளும் விரலால் தளர்வாகச் சுழல்கின்றனவா எனப் பார்த்தால், அழுத்த வீச்சு எதுவென்பது தெரிந்துவிடும். பாயிண்டுக்கு இணையாக ஒரு சிறு 12 வோல்ட் விளக்கை இணைத்தால், பாயிண்ட் மூடியிருக்கையில் அது அணைந்தும் திறந்தவுடன் எரிந்தும் அக்கணத்தைக் காட்டும். 6 வோல்ட் வண்டிக்கு அதற்கேற்ற விளக்கு வேண்டும். எஞ்சினை எப்போதும் ஓடும் திசையிலேயே திருப்புக. பின்னோக்கித் திருப்பினால் பல்சக்கரங்களின் தளர்வு அளவைக் கெடுத்துவிடும்.

பிளக்கைக் கழற்றி ஹெட்டின்மேல் படுக்கவைத்துப் பொறியைக் காண்பது எல்லாரும் அறிந்த சோதனை. அதைச் செய்யும்போது ஹெட்டின் துளையைத் துணியால் அடைத்து, பிளக்கைத் துளைக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். அத்துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். பெட்ரோல் குழாய் மூடியிருக்க வேண்டும்; இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். திறந்த காற்றில் தாண்டும் பொறி, அழுத்தப்பட்ட கலவையிலும் தாண்டும் என்பதற்கு உறுதியில்லை, ஆகவே 0.5 மி.மீ. பிளக் இடைவெளியை விட, உயரழுத்தக் கம்பியின் முனையை ஹெட்டிலிருந்து 5 அல்லது 6 மி.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பது கடுமையான சோதனை. கம்பியை உலர்ந்த மரக் கவ்வியால் பிடிக்க. இதயத்துக்கு மின்கருவி பொருத்தப்பெற்றவர்கள் இச்சோதனையின் அருகே நிற்கலாகாது.

பள்ளி ஆய்வகத்தில் கழித்துப்போட்ட காயிலும் பாயிண்டும் கிடைத்தால், ஆசிரியர் கண்டென்சரைச் சேர்த்து ஒரு முறையும் நீக்கி ஒரு முறையும் பொறியைக் காட்டலாம். சேர்த்தபோது நீலமாய்ப் படீரெனத் தாண்டும் பொறி, நீக்கியபோது சிவந்து நலிந்து போவதையும், இழந்த ஆற்றல் பாயிண்டின் முனையில் நெருப்பாகத் தோன்றுவதையும் மாணவர் நேரில் காண்பர்.