ஒன்று இரண்டாகும் விண்கலங்கள்

தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்ளும் இயந்திரத்துக்குக் கணித அடித்தளம் இட்டவர் ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நியூமன். 1940-களின் இறுதியில் அவர் வகுத்த அமைப்பில் கட்டும் கருவி ஒன்றும், கட்டளைகள் அடங்கிய நாடாவும், நாடாவைப் படியெடுக்கும் பகுதியும் உண்டு. நாடாவைப் படித்துப் புதிய இயந்திரம் கட்டப்படும். பிறகு நாடாவின் படி அதற்குள் வைக்கப்படும். உயிரணுவில் டிஎன்ஏ செய்வதும் இதைத்தான். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்ததே 1953-இல்தான் என்பதை எண்ணினால் அவரது நுண்ணறிவு வியக்க வைக்கிறது.

விண்வெளிக்கு இந்த யோசனை தேவைப்படுவது தொலைவினால். வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் பக்கத்து நட்சத்திரத் தொகுதியான ஆல்ஃபா சென்டாரியின் தொலைவைக் கடக்க 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பூமியிலிருந்தே கலம் அனுப்பிக் கட்டுப்படியாகாது. போன இடத்துப் பாறையையும் உலோகத்தையும் கொண்டு ஒரு கலம் இரண்டானால் கணக்கே வேறு. பத்து முறை இரட்டித்தால் 1,024. இருபது முறையில் பத்து லட்சத்தைத் தாண்டும். 37 முறையில் சுமார் 13,700 கோடி.

1980-இல் ஆய்வாளர் ராபர்ட் ஃப்ரெய்டாஸ் இப்படியொரு கலத்தை வரைந்து காட்டினார். போன இடத்தில் இறங்கிக் கட்டுமானத்தைத் தொடங்கும் அதன் 'விதை'த் தொழிற்சாலை மட்டுமே 443 டன். அவ்வளவு எடையைத் தள்ள எரிபொருளுக்கு எங்கே போவது? அதனால்தான் இன்று கிராம் கணக்கிலான கலங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆனால் சிறிதாக்குவதில்தான் உண்மையான சிக்கல். 2008-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 'டார்வின்' என்ற முப்பரிமாண அச்சுப்பொறி தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிட்டது. மரை போட்ட எஃகுக் கம்பிகளை மூலைகளில் பிணைக்கும் துண்டுகள் அதன் கைவண்ணம். கம்பி, மோட்டார், மின்சுற்று எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. இப்படி வெளியிலிருந்தே வரவேண்டிய பாகங்களை இத்துறையினர் 'விட்டமின்' என்கிறார்கள். சிறுகோள்களில் இரும்பும் நிக்கலும் ஏராளம். ஆனால் கணினிச் சில்லுக்கு மிகத் தூய சிலிக்கான் வேண்டும். அதைச் சுத்திகரித்து நுண்சுற்றுகள் பொறிக்கும் ஆலையைச் சில கிராமுக்குள் அடக்க இன்று வழியில்லை.

உயிரணுக்கள் வேறொரு பாதையைக் காட்டுகின்றன. 2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தவளைக் கருவின் உயிரணுக்களால் ஆன, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய 'ஸீனோபாட்'கள் தங்களைப் பெருக்கிக்கொள்வதைக் கண்டனர். கிண்ணத்துத் திரவத்தில் சுழன்று உதிரி உயிரணுக்களை அவை குவியலாகத் தள்ளுகின்றன. சில நாட்களில் அந்தக் குவியலே இன்னொரு ஸீனோபாட்டாகி நகர்கிறது. அந்த உதிரி உயிரணுக்களைக் கிண்ணத்தில் இட்டவர்கள் ஆய்வாளர்களே.