2027 செப்டெம்பர் 19: அழியப்போகும் வாக்குமூலங்கள்

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட வதிவிடப் பள்ளிகளில் வன்கொடுமைக்கு உள்ளானவர்கள், இழப்பீடு கோரியபோது கொடுத்த வாக்குமூலங்களை அழிப்பதற்குக் குறிக்கப்பட்ட நாள் 2027 செப்டெம்பர் 19. நாள் நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் குழப்பமும் கூடுகிறது. மனிற்றோபா பல்கலைக்கழகம் தன் ஆவணங்களை அழிக்கப்போகிறதா என்று சிலர் கேட்கிறார்கள். பூர்வகுடி வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பாடமாக்கிவிட்டு ஆதாரத்தை ஏன் அழிக்க வேண்டும் என்று இன்னும் சிலர். அந்தப் பள்ளிகளின் கதையை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. செப்டெம்பர் 30இல் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளே அதைச் சொல்வார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு தனித்தனித் தொகுதிகளை ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான். 2008 முதல் 2015 வரை இயங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 6,500க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்துச் சாட்சியம் பெற்றது. அந்தத் தொகுதி, மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் 2015இல் திறக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தில் இருக்கிறது. அதற்கு ஆபத்தில்லை.

அழியப்போவது மற்றது. வதிவிடப் பள்ளிகள் தொடர்பான 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ், பாலியல் வன்கொடுமைக்கும் கடும் உடல் துன்புறுத்தலுக்கும் இழப்பீடு வழங்கச் 'சுயாதீன மதிப்பீட்டு நடைமுறை' என்ற ஒன்று உருவானது. பாதிக்கப்பட்டவரை மையமாக வைத்த, மோதலற்ற நடைமுறை என்று அதை அதிகாரிகள் விவரித்தார்கள். ஆனால் எந்தக் கொடுமைக்கு எத்தனை புள்ளி என்று அதில் ஓர் அட்டவணை இருந்தது. புள்ளிகளைக் கூட்டித்தான் தொகை தீர்மானிக்கப்பட்டது. பூட்டிய அறையில், ஒரு மதிப்பீட்டாளரின் முன்னால், கட்டிய துணையிடம்கூடச் சொல்லாததைச் சொல்லவேண்டி வந்தவர்கள் பலர். 38,000க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. மூன்று பில்லியன் டொலருக்கு மேல் வழங்கப்பட்டது. எஞ்சியிருப்பவை விண்ணப்பம், விசாரணையின் ஒலிப்பதிவு, அதன் எழுத்துவடிவம், தீர்ப்பு ஆகிய நான்கும்.

இவை யாருக்குச் சொந்தம்? அரசின் ஆவணங்கள், எனவே அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும் என்றது மத்திய அரசு. ரகசியம் காக்கப்படும் என்று சொல்லித்தான் பேசவைத்தோம், ஆகவே அழிக்கவேண்டும் என்றார் நடைமுறையின் தலைமை மதிப்பீட்டாளர். வரலாற்றுக்காகக் காக்கவேண்டும் என்றது ஆணைக்குழு. 2014இல் ஒன்ராறியோ நீதிபதி பெரெல் நடுவழி ஒன்றைக் கண்டார். 15 ஆண்டுகள் வைத்திருந்து பிறகு அழித்துவிட வேண்டும். ஆனால் கோரிக்கையாளர் விரும்பினால் தனக்கொரு பிரதி பெறலாம், அல்லது தேசிய மையத்தில் வைக்கச் சொல்லலாம். இந்த ஏற்பாட்டை 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றது.

இந்த ஏற்பாட்டின் கூர்மை எங்கே இருக்கிறது என்றால், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு பொருள் கொடுத்திருப்பதில். கையெழுத்துப் போட்டால் கோப்பு பிழைக்கும். பேசாமல் இருந்தால் அழியும். மறதி, நோய், மறுபடி நினைக்க முடியாத வலி, கடிதம் வந்து சேராத தொலைதூரக் குடியிருப்பு, எல்லாமே 'அழித்துவிடுங்கள்' என்ற ஒரே பதிலாக எடுத்துக்கொள்ளப்படும். தெரிவு பாதிக்கப்பட்டவரின் கையில் என்று அதிகாரிகள் சொல்வது சட்டப்படி உண்மை. தெரிவு இருப்பதே தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்? இப்படியொரு வழி உண்டு என்று அறியாமலே இறந்துபோனவர்களும் இருக்கிறார்கள். நீதிமன்றத்துக்கு இது தெரியாமல் இல்லை. அவர்களில் சிலர் காக்க விரும்பியிருக்கக்கூடும் என்று தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் ரகசியத்தை நம்பிப் பேசியவர்களின் வாக்குமூலம் வெளியாவது அதைவிடப் பெரிய அநீதி என்று முடிவுசெய்தது.

அந்த முடிவை என்னால் தவறென்று தள்ளிவிட முடியவில்லை. தன் உடலுக்கு நேர்ந்ததைப் பேரப்பிள்ளைகளோ ஆய்வாளரோ படிக்கக்கூடாது என்று நினைப்பவருக்கு அந்த உரிமை முழுதாக உண்டு. மற்றப் பிள்ளைகளின் பெயர்களும் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. என்னை உறுத்துவது, அழிவினால் ஆதாயம் பெறுவோர் யார் என்பதே. ஒன்ராறியோவின் புனித ஆன் பள்ளி தொடர்பான பொலிஸ் விசாரணை ஆவணங்களை மத்திய அரசு தன்னிடம் வைத்துக்கொண்டே இந்த நடைமுறையில் வெளியிடாமல் இருந்தது. 2014இல் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அவை வெளிவந்தன. இப்படி நடந்துகொண்ட தரப்பு குறித்து நாளை கேள்வி எழுந்தால், பாதிக்கப்பட்டவரின் சொல் அங்கே இருக்கவேண்டும்.

பல்கலைக்கழகங்களை நான் அளப்பதும் இந்த இடத்தில்தான். மனிற்றோபா பல்கலைக்கழகம் 2011லேயே மன்னிப்புக் கேட்டது. வதிவிடப் பள்ளிகளை நடத்தியவர்களுக்குக் கல்வி கொடுத்த குற்றத்தையும் சேர்த்தே கேட்டது. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் வளாகத்துக்குத் தன் வாழ்வின் மிக மோசமான நாளை ஒருவர் ஒப்படைக்க வேண்டுமென்றால், முதலில் அதன்மேல் அவருக்கு நம்பிக்கை வரவேண்டும். விழா மேடையில் நில உரிமையை நினைவுகூரும் வாசகத்தைப் படிப்பதால் அது வராது. முதியவர்களின் ஊருக்கே ஆள் அனுப்பி, அவர்களின் மொழியில் விளக்கி, 'வேண்டாம்' என்று சொன்னாலும் மதிப்போம் என்று காட்டினால் வரலாம். அந்த வேலைக்கு நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் பணமும் ஆளும் கொடுத்திருக்க வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கோப்பைக் காக்கச் சொன்னால் வாங்கிய இழப்பீடு பாதிக்கப்படுமா? இல்லை.

மற்றவர்களின் பெயர் வெளியாகுமா? அவர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்படும்.

எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் பூர்வகுடிப் பாடம் கட்டாயமா? இல்லை, வின்னிபெக், லேக்ஹெட் பல்கலைக்கழகங்கள் 2016இல் தொடங்கிவைத்தன.

ரயர்சன் பல்கலைக்கழகம் ஏன் பெயரை மாற்றியது? வதிவிடப் பள்ளிகளின் வடிவமைப்பில் எகர்ட்டன் ரயர்சனின் பரிந்துரைகளுக்குப் பங்கிருந்ததால், 2022இல் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் ஆனது.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், நான் ஏதாவது செய்யலாமா? நீங்களாக இந்தப் பேச்சை எடுக்கவேண்டாம். அவராகக் கேட்டால், வின்னிபெக்கில் உள்ள தேசிய மையத்தைத் தொடர்புகொள்ள உதவுங்கள்.