சிக்னல் இல்லாத கொல்லைக்கும் சேதி போகணும்

பெரம்பலூரில் பச்சைமலை அடிவாரத்துக் கொல்லைகளில் செல்போன் பாதி நேரம் வெறும் கடிகாரம்தான். 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியப்போ, ‘குருத்துல மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தா அதுதான்’ என்ற ஒரு வரிச் சேதி நாலு நாள் முன்னாடி வந்திருந்தால், எத்தனையோ பேர் குருத்தைப் பிரிச்சுப் பார்த்திருப்பாங்க.

டவர் இல்லாமலே போன்கள் தங்களுக்குள்ள பேசிக்க வழி இருக்கு. ஒரு போன் சேதியை வாங்கி அடுத்த போனுக்குத் தரும், அது அதற்கடுத்ததுக்கு. வயலுக்கு வயல் தண்ணி பாயுற மாதிரிதான். அமெரிக்க ராணுவம் 1970-களிலேயே இதுக்கு ஆராய்ச்சி தொடங்கிடுச்சு. ஆனா ஆள் நகர்ந்தா இணைப்பு அறுந்துபோகும். புளூடூத் பத்து மீட்டர் சொச்சம், வைஃபை வெட்டவெளியில் நூறு மீட்டர் எட்டினா பெரிசு. அரியலூர் முந்திரிக் கொல்லையில் அடுத்த ஆள் எங்க இருக்கார்? நாள் முழுக்க அறுபடாத சங்கிலி நமக்கு ஆகாது என்பதே என் எண்ணம்.

சேதியை வாங்கி வெச்சிருந்து, ஆளைப் பார்க்கிறப்போ கொடுக்கலாமே! 2000-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் தொட்டபல்லாபூர் பக்கம் ‘டாக்நெட்’ என்று ஒன்று செஞ்சு பார்த்தாங்க. பஸ்ஸில் ஒரு வைஃபை பெட்டி. பஸ் ஊருக்குள் வந்ததும் ஊர்க் கணினியில் இருப்பதைத் தானே வாங்கிக்கும், கொண்டுவந்ததைக் கொடுக்கும். நிலப் பதிவு விவரங்கள் இப்படித்தான் போய் வந்தன.

நமக்குப் பஸ்கூட வேண்டாம். பால் ஊத்துற இடத்துக்குக் காலையும் சாயங்காலமும் ஊரே வருது. ‘பிரையர்’ என்ற செயலி இணையம் இல்லாமல் புளூடூத்திலேயே சேதி மாத்திக்கும். அதிலுள்ள பொது மன்றத்தில் நான் போட்டது உங்க போன் வழியா மூணாவது ஆளுக்கும் போகும்.

போய்ச் சேருமா? அதுக்கு ஒரே வழி பல கையில் பிரதி இருப்பது. நெல் ஜெயராமன் ஐயா பாரம்பரிய விதையில் 2 கிலோ கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பி வாங்கினாரே, அதே கணக்கு. ஒரு வீட்டில் விதை பூச்சி அரிச்சாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. பஞ்சகவ்யா செய்முறை பத்து நாள் கழிச்சு வந்தாலும் உதவும். சின்ன வெங்காய விலை அப்படியில்ல. நேத்து விலையை இன்னிக்கு விலைன்னு நம்பி மூட்டை ஏத்தினா, சேதியே வராமல் இருந்ததைவிட மோசம். அதனால் விலைச் சேதியில் முதல் வரியில் தேதி, எந்தச் சந்தை, யார் சொன்னது என்று எழுதணும். ரெண்டு நாள் தாண்டினதை யாரும் அடுத்தவருக்குத் தள்ளக்கூடாது.

எங்க குழுவில் ‘யார்கிட்ட என்ன இருக்கு’ பட்டியலில் இருந்து ஆரம்பிக்கிறோம்: நாட்டுப் பருத்தி விதை, மீன் அமிலம், வாடகைக்கு உளுந்து உடைக்கிற இயந்திரம். தீர்ந்துபோனா அவங்களே அடிச்சுவிடணும். அந்த ஒரு பழக்கம்தான் இன்னும் சரியா வரல.