கபிலநிறத் தத்தியும் செயற்கை உணவும்

நெற்பயிரின் அடித்தண்டில் சாறுறிஞ்சி, வயலை எரிந்தாற்போலக் காயச் செய்யும் பீடை கபிலநிறத் தத்தியாகும். பூச்சியின் இன்றியமையாத பரம்பரையலகொன்றைச் செயலிழக்கச் செய்யும் ஈரிழை ஆர்.என்.ஏ.யால் இதனை அடக்கும் வழியை ஆராய்ச்சியாளர் பரீட்சித்து வருகின்றனர். ஈரிழை ஆர்.என்.ஏ.யின் இவ்வாற்றலை 1998ஆம் ஆண்டில் ஃபயர், மெல்லோ ஆகியோரும் உடனாய்வாளரும் ஒரு சிறு புழுவிற் கண்டறிந்து வெளியிட்டனர்.

தத்தி சாறுண்பது. ஆகையால் சர்க்கரை, அமினோவமிலங்கள், உயிர்ச்சத்துக்கள், உப்புக்கள் ஆகியன கரைந்த திரவத்தை இரு மெல்லிய மெழுகுப் படலங்களுக்கிடையே அடைத்து வைப்பர். தத்தி படலத்தைத் துளைத்து அதனை உறிஞ்சும். ஆர்.என்.ஏ.யை அளந்து அத்திரவத்திற் கலப்பதால் அதன் செறிவு திட்டமாகத் தெரியும்.

எனினும், உணவு குறைவுடையதாயின் தத்தி பசியாலும் மடியும். ஆகவே, வெறும் உணவை உண்ணும் கூட்டமொன்றும், தத்தியோடு தொடர்பற்ற ஆர்.என்.ஏ. கலந்த உணவை உண்ணும் கூட்டமொன்றும் உடன் வளர்க்கப்படும். இவை பெரும்பாலும் பிழைத்திருக்க, பரீட்சைக் கூட்டம் மட்டும் மடிந்தாலே முடிவு நம்பத்தக்கதாகும். அப்போதும் வயலில் அதே பலன் கிட்டுமென்பது உறுதியன்று. வெயிலும், பூச்சியின் உமிழ்நீரிலும் குடலிலுமுள்ள நொதியங்களும் ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும்.

கமக்காரரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். புதிய மருந்தை விசிறும்போது வயலில் ஒரு சிறு துண்டை விசிறாது விடுக. பின்னர் இரு பகுதிகளிலும் தூரடித் தத்திகளை எண்ணி ஒப்பிடுக. மருந்தின் பயனை அறிந்தபின் செலவிடும் பணம் வீணாகாது.