கியரற்ற பழைய ஸ்கூட்டர்களில் ஆற்றல் இழப்பும் எச்சரிக்கை விளக்குகளும்

ஆற்றல் இழப்பு என்பது, ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகிய பின்னும் வண்டி தன் வழக்கமான வேகத்தையோ இழுவையையோ அடையாத நிலையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இதனை "வண்டி இழுக்கவில்லை" என்பர். 1980களிலும் 1990களிலும் இந்தியாவில் விற்கப்பட்ட, டூ-ஸ்ட்ரோக் எனப்படும் ஈரடிப்புப் பொறி கொண்ட கியரற்ற ஸ்கூட்டர்களில் இக்குறையை எவ்வாறு கண்டறிவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றின் முகப்பில் உள்ள எச்சரிக்கை விளக்குகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதும் இங்கு விரிவாகக் கூறப்படுகிறது. விளக்கைத் தவறாகப் புரிந்துகொள்வதாலும் இவ்வகைப் பொறிகள் பழுதாகலாம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் இத்தகைய வண்டிகளை இன்றும் காணலாம். சமதளமான தெருவில் நன்றாக ஓடும் வண்டி, தாம்பரம் ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போதோ, பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும்போதோதான் தன் குறையைக் காட்டும்.

வரலாறும் அமைப்பும்

கினெட்டிக் ஹோண்டா ஸ்கூட்டர் 1984ஆம் ஆண்டில் அறிமுகமானது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தயாரிக்கப்பட்ட இவ்வண்டி 98 கன சென்டிமீட்டர் ஈரடிப்புப் பொறியும், பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதியும் கொண்டிருந்தது. கியரை மாற்ற வேண்டிய தேவை இல்லாததால் விரைவில் புகழ் பெற்றது. ஹோண்டா நிறுவனம் 1998இல் இக்கூட்டிலிருந்து விலகியது. ஓசூரில் ஆலை வைத்துள்ள டிவிஎஸ் நிறுவனம் 1994இல் இதைவிடச் சிறிய பொறியுடன் ஸ்கூட்டியைக் கொண்டுவந்தது.

இவ்வண்டிகளின் ஆற்றல் செலுத்தும் முறை வேரியோமேட்டிக் எனப்படுகிறது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் தன் சிறிய மகிழுந்தில் இம்முறைக்கு இப்பெயரைச் சூட்டியது. பொறியின் தண்டில் ஒரு கப்பியும், பின்சக்கரப் பக்கத்தில் மற்றொரு கப்பியும் இருக்கும். இரண்டையும் ஆங்கில வி எழுத்தின் வடிவில் வெட்டுமுகம் கொண்ட ரப்பர் பெல்ட் இணைக்கும். வேகம் கூடும்போது முன்கப்பியினுள் இருக்கும் ரோலர் எடைகள் மையவிலக்கு விசையால் வெளிப்புறம் நகர்ந்து, கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. பெல்ட் மேலேறுகிறது. பின்கப்பியில் அது உள்ளிறங்குகிறது. இதனால் கியர் விகிதம் படிப்படியாக இன்றித் தொடர்ச்சியாக மாறுகிறது. பின்கப்பியுடன் இணைந்த கிளட்ச் ஷூக்கள், குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்கு மேல் விரிந்து சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும்.

கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் பனிமீது ஓட்டப்படும் ஸ்னோமொபைல் ஊர்திகளிலும் இதே ஈரடிப்புப் பொறியும் பெல்ட் செலுத்தமும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. ஆதலால் கீழே கூறப்படும் முறையின் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். பனிக்குப் பதில் நமக்கு மழைநீர் வாய்த்திருக்கிறது, அவ்வளவே.

பொறியா, பெல்ட்டா?

எதையும் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மேட்டில் ஏறும்போது பொறியின் ஒலி கூடுகிறதா, குறைகிறதா? ஒலி கூடியும் வேகம் கூடவில்லை என்றால் பொறி தன் வேலையைச் செய்கிறது. ஆற்றல் வழியில் தொலைகிறது. பெல்ட்டோ கிளட்ச் ஷூவோ வழுக்குகிறது எனக் கொள்ளலாம். ஒலியே எழாமல் பொறி திணறினால் குறை பெட்ரோல், காற்று, தீப்பொறி, அழுத்தம் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது. இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் பலரும் இதைக் கேட்காமலே கார்புரேட்டரைக் கழற்றிவிடுகின்றனர். கணினி நிரலில் பிழை தேடுவோர் பின்பற்றும் நெறி இங்கும் பொருந்தும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளக், ஜெட், பெல்ட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்பது தெரியாது.

இதற்கும் முன்னதாக, பொறியை நிறுத்தி, நடுத்தாங்கியில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் தாராளமாகச் சுற்றாது. டயரில் காற்று குறைந்திருந்தாலும் இழுவை குறையும். செலவே இல்லாத இவ்விரு சோதனைகளையும் தவறவிடலாகாது.

பெல்ட் தேயும்போது அதன் அகலம் குறைகிறது. அகலம் குறைந்த பெல்ட் கப்பியில் உரிய உயரத்துக்கு ஏறாததால் உச்ச வேகம் சிறிது சிறிதாகக் குறையும். இது மாதக்கணக்கில் நிகழ்வதால் ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகலாம். ரோலர் எடைகள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தால் அவை சீராக உருளாமல் தடைபட்டு, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி தயங்கும். பின்கப்பியின் சுருள்வில் தளர்ந்தால், மேட்டில் பெல்ட் இறுக்கமான விகிதத்துக்குத் திரும்பாது. பெல்ட்டை மாற்றும்போது எண்ணெய்ப்பசை படிந்த கையால் தொடுவது புதிய வழுக்கலை உண்டாக்கும்.

உதிரிபாகங்களைத் தேடுவோர் புதுப்பேட்டைக் கடைகளுக்கும், வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தைக்கும் செல்வதுண்டு. பழைய கப்பியையோ மூடியையோ அங்கு வாங்குவதில் தவறில்லை. பெல்ட்டையும் ரோலர் எடைகளையும் பழையதாக வாங்குவது வீண். ரோலர்கள் அனைத்தும் ஒரே எடையில் இருக்க வேண்டும்.

பொறியில் குறை இருந்தால்

குறை எப்போது தோன்றுகிறது என்பதே இங்கு சிறந்த சான்று. சில கிலோமீட்டர் ஓடியபின் பெட்ரோல் தீர்ந்ததுபோல் நின்று, சற்று நேரம் கழித்துத் தானாகவே கிளம்பினால், பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். நின்றவுடன் மூடியைத் திறந்து மூடிவிட்டுக் கிளப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூடியில் குறையில்லை எனில், சூடானதும் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறும் தீப்பொறிச் சுருளையோ சிடிஐ பெட்டியையோ ஐயுறலாம்.

பிளக்கின் நிறம் நிறையச் சொல்லும். வெளிர்பழுப்பு நிறம் நல்ல நிலையைக் காட்டும். கருமையும் ஈரமும் மிகுந்த பெட்ரோலையோ எண்ணெயையோ அடைபட்ட காற்று வடிகட்டியையோ குறிக்கும். வெண்மை, காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையைக் காட்டுவதாகும். இது மூன்றிலும் ஆபத்தானது. ஈரடிப்புப் பொறியில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகவே செல்வதால், அவ்வறையின் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுக்கும். சில நாள் இப்படி ஓடினாலே பிஸ்டன் மிகையாகச் சூடாகிவிடும்.

படிப்படியாகக் குறைந்த இழுவைக்குப் பொதுவான காரணம் சைலன்சரிலும் வெளியேற்றுத் துளையிலும் படியும் கரி. எரிந்த எண்ணெய் அங்கே கெட்டியாகப் படிந்து வழியைக் குறுக்குகிறது. கிக்கரை மிதிக்கும்போது முன்பிருந்த எதிர்ப்பு இல்லையெனில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும்.

இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும்; பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் காலப்போக்கில் பாதிக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் வண்டியில் கார்புரேட்டரைக் காலிசெய்து வைப்பது நல்லது.

எண்ணெய் விளக்கு

நாலடிப்புப் பொறியில் அடியில் தேங்கும் எண்ணெய் மீண்டும் மீண்டும் சுற்றிவரும். ஈரடிப்புப் பொறியிலோ எண்ணெய் பெட்ரோலுடன் எரிந்து தீர்ந்துவிடும். சில வண்டிகளில் அதைப் பெட்ரோலில் நேரடியாகக் கலக்க வேண்டும். கினெட்டிக் ஹோண்டா போன்றவற்றில் தனித் தொட்டியில் ஊற்றப்படும் டூ-டி ஆயிலைச் சிறு பம்பு ஒன்று பொறிக்கு அளந்து அனுப்புகிறது. தொட்டியில் எண்ணெய் குறைந்தால் முகப்பில் விளக்கு எரியும்.

இங்கேதான் பிழையான நம்பிக்கை ஒன்று பிறக்கிறது. அவ்விளக்கு காட்டுவது தொட்டியின் எண்ணெய் மட்டத்தை மட்டுமே. எண்ணெய் பொறியைச் சென்றடைகிறதா என்பது அதற்குத் தெரியாது. தொட்டி நிறைந்திருக்க, பம்பின் கம்பி அறுந்திருக்கலாம். குழாயில் காற்று அடைத்திருக்கலாம். வடிகட்டியில் கசடு தேங்கியிருக்கலாம். விளக்கு எரியாது. வண்டி ஓடும். பின்பு மேட்டில் ஆற்றல் குறையத் தொடங்கும், ஒலி வறண்டு மெலியும், சற்றைக்கெல்லாம் பிஸ்டன் இறுகிப் பொறி நின்றுவிடும். இதையே "சீஸ் ஆகிவிட்டது" என்பர்.

மின்கலத்தைச் சார்ந்தது இதைவிட நுட்பமானது. மேக்னெட்டோவிலிருந்து நேரடியாகத் தீப்பொறி பெறும் வண்டிகள், மின்கலம் செத்துப்போனாலும் கிக்கரால் கிளம்பும். ஆதலால் புதிய மின்கலத்தை வாங்காமல் ஆண்டுக்கணக்கில் உதைத்தே ஓட்டுவோர் பலர். ஆனால் எண்ணெய் விளக்கு மின்கலத்தால் எரிவதாக இருந்தால், தொட்டி முற்றிலும் வறண்டாலும் அது எரியப்போவதில்லை. மின்கலத்தின் விலையை மிச்சப்படுத்தியவர் பொறிக்குச் செலவழிக்க நேர்கிறது. பல வண்டிகளில் சாவியைத் திருப்பியவுடன் இவ்விளக்கு சிறிது நேரம் எரிந்து அணையும். அது பல்பு உயிருடன் இருப்பதற்கான சோதனை. அவ்வாறு எரிய வேண்டிய வண்டியில் எரியவில்லை எனில் அதுவே எச்சரிக்கை.

எண்ணெய் உண்மையில் செல்கிறதா என அறிய எளிய வழி உண்டு. தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்து, சிறிது பெட்ரோல் எரிந்த பின் மீண்டும் பார்க்க வேண்டும். மட்டம் சிறிதும் இறங்கவில்லை எனில் வண்டியை ஓட்டலாகாது. தொட்டி ஒருமுறை முற்றிலும் வறண்டிருந்தால், எண்ணெய் ஊற்றுவது மட்டும் போதாது. பம்பில் அடைத்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதுவரை பாதுகாப்புக்காகப் பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் டூ-டி ஆயில் கலந்து ஓட்டுவது வழக்கம்.

ஓட்டத்தில் பொறி இறுகினால் கியர் வண்டிகளில் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். உடனே கிளட்சைப் பிடிக்காவிட்டால் விழ நேரிடும். வேரியோமேட்டிக் வண்டியில் பொறி நின்றதும் கிளட்ச் ஷூக்கள் சுருங்கிச் சக்கரத்தை விடுவித்துவிடுகின்றன. ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் இது சிறிய ஆறுதல் அன்று.

முகப்பு விளக்கு மங்குவது வேறு செய்தி. மாறுமின்னோட்டத்தில் நேரடியாக எரியும் விளக்குகள் பொறி மெதுவாக ஓடும்போது மங்குவது இயல்பு. அதை ஆற்றல் இழப்பின் அறிகுறியாகக் கொள்ளக் கூடாது. ஏப்ரல் 2020 முதல் பிஎஸ்-6 விதிகளின்படி விற்கப்படும் வண்டிகளில் உள்ள பொறி எச்சரிக்கை விளக்கு, உணரிகள் கண்ட குறையைக் குறியீடாகச் சேமிக்கும். பழைய வண்டிகளில் அத்தகைய நினைவகம் ஏதுமில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நீர் சூழ்ந்தது. நீரில் நின்ற வண்டியை உடனே உதைத்துக் கிளப்புவது பெருந்தவறு. நீர் அழுந்தாது, பிஸ்டனுக்கு மேல் அது தேங்கியிருந்தால் இணைப்புத் தண்டு வளையக்கூடும்.

பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாகச் சிலமுறை அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். பெட்ரோல் தொட்டியையும் கார்புரேட்டரையும் எண்ணெய்த் தொட்டியையும் முழுவதும் காலிசெய்ய வேண்டும், ஏனெனில் எண்ணெய்க்கு அடியில் தங்கும் நீரைப் பம்பு முதலில் பொறிக்கு அனுப்பும். பின்சக்கரக் கியர்ப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பெல்ட் மூடியைத் திறந்து உலர்த்தாவிட்டால், பொறி நன்றாக ஓடியும் வண்டி நகராது. ஈர பெல்ட் வழுக்கிக்கொண்டே இருக்கும். மூடி திறந்த நிலையில் பொறியை இயக்கும்போது புடவைத் தலைப்பு, துப்பட்டா, விரல்கள் பெல்ட்டருகே செல்லலாகாது. கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு தேங்கும் என்பதால் இச்சோதனையை மூடிய வண்டிக்கூடத்தில் செய்யாமல் திறந்தவெளியில் செய்ய வேண்டும்.