மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வந்த மாணவி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதம். வெளி மாவட்டத்திலிருந்து திட்டக்குடிக்குப் பெயிண்ட் வேலைக்கு வந்திருந்த ஒருவர், தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். சேர்க்கைப் பணி என் பொறுப்பில் இருந்தது. "டி.சி. எங்கே?" என்றேன். பழைய பள்ளியில் இருப்பதாகவும், தாங்கள் இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர்கள் என்றும் தயங்கியபடி சொன்னார். "வாங்கி வாருங்கள், சேர்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்தே திரும்பி வந்தார்கள். தந்தைக்குப் பேருந்துச் செலவும் கூலி இழப்பும். மகளுக்கு ஒன்பது நாள் படிப்பு. அதே ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் 'மனித உரிமைகள்' பாடம் நடத்தியபோதுதான் என் தவறு எனக்கு உறைத்தது.

அகதிகளின் நிலை குறித்த ஐ.நா. உடன்படிக்கை 1951இல் உருவானது. உயிருக்கோ சுதந்திரத்திற்கோ ஆபத்துள்ள இடத்திற்கு எந்த அகதியையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது அதன் 33ஆம் பிரிவு. இந்தியா இதிலும், இதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. அப்படியானால் 1983 முதல் தமிழகம் வந்த ஈழத் தமிழர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லையா? இருக்கிறது, அது வேறு வழிகளில் வருகிறது.

முதலாவது, நம் அரசமைப்புச் சட்டம். 14, 21ஆம் பிரிவுகள் 'குடிமகன்' என்று சொல்லவில்லை. எந்த நபருக்கும் என்கின்றன. அருணாச்சலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா அகதிகள் வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது.

இரண்டாவது, இந்தியா ஏற்றுக்கொண்ட பிற உடன்படிக்கைகள். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. குழந்தையின் தேசம், இனம், பிறப்பு பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது அதன் 2ஆம் பிரிவு. அகதிக் குழந்தைக்குப் பாதுகாப்பும் மனிதநேய உதவியும் தர வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. கல்வி உரிமை 28ஆம் பிரிவில் உள்ளது.

மனிதநேயப் பணியாளர்களுக்கு இவையே பிடிமானம். 1992இல் முகாம்களிலிருந்து பலர் இலங்கைக்குத் திரும்பத் தொடங்கியபோது, அவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்று கேட்டறிய ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. கையெழுத்திடாத உடன்படிக்கையின் அடிப்படைக் கொள்கையும் இப்படி நடைமுறைக்கு வரலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ரூ.317.40 கோடியில் நலத்திட்டங்களை அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. நம் கடலூர் மாவட்டத்திலும் இத்தகைய முகாம்கள் உள்ளன.

ஆசிரியர்களாகிய நமக்கு நேரடியாக உதவுவது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது இது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. சான்றிதழை உடனே வழங்க வேண்டியது பழைய பள்ளித் தலைமையாசிரியரின் கடமை. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இடம்பெயரும் நம்மூர்க் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

இப்போதெல்லாம் குழந்தையை முதலில் வகுப்பில் உட்கார வைக்கிறேன். பிறகு பழைய பள்ளிக்குத் தொலைபேசியில் பேசி, எமிஸ் பொதுத் தொகுப்புக்கு மாற்றித் தரக் கேட்கிறேன். சான்றிதழுக்காக அலைய வேண்டியது நாம், குழந்தை அல்ல.

அந்த மாணவி வகுப்புக்கு வந்த முதல் நாளில், ஒன்பது நாள் பாடங்களையும் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் எழுதப்படும் உடன்படிக்கைகள் கடைசியில் நம் சேர்க்கைப் பதிவேட்டின் முன்தான் வந்து நிற்கின்றன. அங்கே பேனாவைப் பிடித்திருப்பது நாம்.