மலேரியா ஒழிந்துவிட்டதா? ஒரு வரித் திருத்தம்

மஸ்ஜித் இந்தியாவில், துணிக்கடை மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் எஸ்.பி.எம். வகுப்பு எடுக்கிறேன். ஒரு மாணவி கட்டுரையில், 'நம் நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டது' என்று எழுதியிருந்தாள். நானும் சரி போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் அது பாதி உண்மை என்று உறைத்தது.

முதலில் இரண்டு சொற்கள். இன்னோர் உயிரின் உடம்பில் தங்கி அதன் செலவில் வாழ்வது ஒட்டுண்ணி. இடம் கொடுப்பது ஓம்புயிர். 'விருந்தோம்பல்' என்பதில் வரும் அதே 'ஓம்பு'தான். என்ன, இந்த விருந்தாளியை யாரும் அழைக்கவில்லை!

மனித மலேரியாவுக்கு ஓம்புயிர் மனிதன். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே வந்தால் ஒட்டுண்ணிக்குத் தங்க இடமில்லாமல் போகும். 2018-இல் அந்த வகை உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆனால் அதே ஆண்டில் 4,000-க்கும் மேற்பட்டோருக்கு 'பிளாஸ்மோடியம் நோலெசி' என்னும் குரங்கு மலேரியா வந்தது. பெரும்பாலோர் சபா, சரவாக் மக்கள்.

இதன் ஓம்புயிர், பத்துமலைப் படியில் நம் வாழைப்பழத்தைப் பிடுங்குகிறதே, அதே நீள்வால் குரங்கு இனம். பயப்படாதீர்கள், குரங்கு நேராக நோய் தராது. நடுவில் காட்டு அனோபிலிஸ் கொசு வேண்டும். இந்தக் குரங்கு ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே பெரும்பாலும் நலமாக உலவுகிறது. அதே ஒட்டுண்ணி இந்தியாவின் ரீசஸ் குரங்கைக் கொன்றுவிடும். ஓம்புயிர் மாறினால் கதையே மாறுகிறது, பாருங்கள்.

மனிதரிடம் இது நெடுங்காலம் ஆள்மாறாட்டம் செய்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் 'மலேரியே' என்ற மிதமான மனித வகை போலவே இருக்கும். சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்தார்கள். 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலெசி. 2004-இல் முடிவு வெளியானது. குழப்பம் சின்னதல்ல. 'மலேரியே' 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. தாமதித்தால் உயிர் போகலாம்.

காட்டை அழித்துச் செம்பனை நடும்போது குரங்கு, கொசு, தொழிலாளி மூவரும் ஓரிடத்தில் கூடிவிடுகிறார்கள். இந்தக் கொசு வீட்டுக்கு வெளியே அந்தியிலேயே கடிக்கத் தொடங்கும் என்பதால் கொசுவலையும் முழுக் காவல் இல்லை. குரங்குகளைப் பிடித்து மாத்திரை கொடுக்க முடியுமா, சொல்லுங்கள்? காட்டுக்குப் போய் வந்தபின் காய்ச்சல் வந்தால், 'காட்டுக்குப் போனேன்' என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மறுவாரம் மாணவியின் வரியை இப்படித் திருத்தினேன்: 'மனிதரிடையே பரவும் மலேரியாவை நம் நாடு பெரும்பாலும் கட்டுப்படுத்திவிட்டது, குரங்குகளிடமிருந்து கொசு வழியே வரும் மலேரியா தொடர்கிறது.' வரி நீளமாகிவிட்டது என்று முகம் சுளித்தாள்.